ஹேக்கிங் படிக்கப் போகிறானா உங்கள் பையன்? சைபர் செக்யூரிட்டி வகுப்பில் நடப்பது என்ன?

எங்கள் பக்கத்து வீட்டில் சென்ற மாதம் ஒரு லேப்டாப் வாங்கினார்கள். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கல்லூரிக்குத் தேவைப்படும் என்று வாங்கியது. விண்டோஸை செட் செய்து கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து காபி குடிக்கும்போது அந்த வீட்டு அக்கா ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து வந்து காட்டினார்.

"தம்பி, கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சைபர் செக்யூரிட்டின்னு ஒரு பிரிவு போட்டிருக்கு. அதைத்தான் எடுப்பேன்னு நிக்கிறான். அதுல ஹேக்கிங் எல்லாம் சொல்லித் தருவாங்களாமே? படிச்சுட்டு ஏதாவது வம்புல மாட்டிக்கிட்டா? அதுவும் இது கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். நமக்கு ஒத்து வருமா?"

இந்த இரண்டு சந்தேகங்களும் பல வீடுகளில் இருக்கின்றன. நானும் தென்னிந்தியாவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில்தான் 2008 முதல் 2012 வரை கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். செக்யூரிட்டி பாடத்தை விரும்பி எடுத்தேன். அக்கா பயப்பட்டது போல வம்பிலும் மாட்டினேன். அதனால் அக்காவுக்குச் சொன்ன பதிலையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய இரண்டு பயிற்சிகளும் இடையில் வரும்.

சைபர் செக்யூரிட்டி என்றால் என்ன?

கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க்கிலும் உள்ள தகவல்களை, உரிமை இல்லாதவர்கள் பார்க்காமலும், மாற்றாமலும், முடக்காமலும் காப்பதுதான் சைபர் செக்யூரிட்டி. பேங்க் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருப்பு எவ்வளவு என்று அடுத்தவர் பார்த்துவிட்டால் ஒரு பிரச்சினை. அந்த எண்ணை ஒருவர் மாற்றிவிட்டால் வேறு பிரச்சினை. யாரும் பார்க்கவில்லை, மாற்றவில்லை, ஆனால் பேங்க் சர்வரே இரண்டு நாட்கள் வேலை செய்யவில்லை என்றால் அதுவும் பிரச்சினை. மூன்றையும் தடுப்பது எப்படி என்பதே பாடம்.

இதை ஏன் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டப் படிப்புக்குள் வைத்திருக்கிறார்கள்? ஆறு மாத கோர்ஸாகப் படித்தால் போதாதா? ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறது. அங்குள்ள சீடர்வில் பல்கலைக்கழகம் 1887-ல் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ நிறுவனம். பட்டப் படிப்பு மாணவர்கள் எல்லோரும், கம்ப்யூட்டர் படிப்பவர்களும்கூட, பைபிள் பாடங்களைத் துணைப் பாடமாகப் படிக்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமை, சைபர் ஆபரேஷன்ஸ் கல்விக்கான சிறப்பு மைய அங்கீகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

இந்த அங்கீகாரம் கேட்கும் கல்லூரிகள் எதையெல்லாம் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று அந்த முகமை ஒரு பட்டியல் வகுத்தது. அதில் முதலில் வருவது சி, அசெம்பிளி போன்ற கீழ்மட்ட மொழிகள். பிறகு ரிவர்ஸ் இன்ஜினியரிங். அதாவது, சமைத்து முடித்த சாம்பாரை ருசி பார்த்து, என்னென்ன போட்டார்கள், எந்த வரிசையில் போட்டார்கள் என்று கண்டுபிடிப்பது போல, ஓடும் புரோகிராமைப் பிரித்து அதன் வேலையைக் கண்டுபிடிப்பது. அதன் பின் ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், செல்போன் தொழில்நுட்பம், கணிதமும் அல்காரிதமும் வருகின்றன. பாதுகாப்பு பற்றிய பாடங்கள் அதற்குப் பிறகுதான். கடைசியில் சட்டமும் எதிக்ஸும், அதாவது தொழில் ஒழுக்கமும்.

பையன்கள் சினிமாவில் பார்த்துவிட்டு, முதல் நாளே கருப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் என்று நினைத்து வருகிறார்கள். முதல் வருடம் முழுக்க கணக்கும் சி புரோகிராமும்தான். எங்கள் வகுப்பிலும் பலருக்கு முகம் வாடிப்போனது. எனக்கும்தான்.

512 இடத்தில் 536

சி மொழியை எதற்கு இவ்வளவு படிக்க வேண்டும் என்பது எனக்கு மூன்றாம் வருடம்தான் புரிந்தது. புரியவைத்தது 1988-ல் நடந்த ஒரு சம்பவம்.

அந்த வருடம் நவம்பர் 2-ஆம் தேதி, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் என்பவர் தானாகவே பரவும் ஒரு புரோகிராமை இண்டர்நெட்டில் விட்டார். இப்படிப்பட்ட புரோகிராமை வொர்ம் என்பார்கள், புழு என்று பொருள். அப்போது இண்டர்நெட்டில் இருந்தவை சுமார் 60,000 கம்ப்யூட்டர்கள். அவற்றில் 6,000 பாதிக்கப்பட்டன என்பது அன்றைய மதிப்பீடு.

அது நுழைந்த வழிகளில் ஒன்றைப் பாருங்கள். பேங்க் சலானில் பெயர் எழுத இருபது கட்டங்கள் இருக்கும். உங்கள் பெயர் நீளமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சுருக்கி எழுதுவீர்கள். ஒருவர் சுருக்காமல் எழுதிக்கொண்டே போய், அடுத்து இருக்கும் "தொகை" கட்டத்திலும் எழுதிவிட்டால்? கவுண்டரில் இருப்பவர் கவனிக்காமல் அந்தக் கட்டத்தில் உள்ளதையே தொகையாக எடுத்துக்கொண்டால்? அதேதான் நடந்தது. மறுமுனையில் இருந்த சர்வீஸ் புரோகிராம் 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வொர்ம் 536 பைட் அனுப்பியது. கூடுதலாகப் போனவை, "அடுத்து எந்தக் கட்டளையை இயக்க வேண்டும்" என்று குறித்து வைத்திருந்த இடத்தில் போய் விழுந்தன. கம்ப்யூட்டரும் அதன்படியே வொர்ம் அனுப்பிய கட்டளைகளை இயக்கியது.

சி மொழியில் கெட்ஸ் என்ற ஒரு ஃபங்ஷன் இருந்தது. வருவது எவ்வளவு நீளம் என்று பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும். அதைப் பயன்படுத்தியதால் வந்த வினை இது. 2011-ல் வந்த சி மொழித் தரத்தில்தான் அந்த ஃபங்ஷனை நீக்கினார்கள். இதற்கு 23 வருடங்கள் ஆயின.

உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் வரும்போது "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறீர்கள் அல்லவா? அந்த அப்டேட்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைப்பதற்காகத்தான் வருகிறது. 2017 மே 12-ல் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை, கம்ப்யூட்டரில் உள்ள பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது புகுந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதங்கள் தள்ளிப் போட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

முதல் பயிற்சி: தினசரி வேலைக்குத் தனிக் கணக்கு

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ஒரு கொள்கை சொல்லித் தருவார்கள். யாருக்கும், எந்த புரோகிராமுக்கும், அதன் வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம் மட்டுமே கொடுக்க வேண்டும். புதிய லேப்டாப்பில் நீங்கள் முதலில் உருவாக்கும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காக இருக்கும். அதிலேயே பாட்டு கேட்பது, மெயில் பார்ப்பது எல்லாம் செய்தால், தெரியாமல் கிளிக் செய்த கெட்ட புரோகிராமுக்கும் அந்த அதிகாரம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அக்கா வீட்டு லேப்டாப்பில் நான் செய்ததை நீங்களும் செய்யலாம்.

விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பட்டனை கிளிக் செய்து செட்டிங்ஸைத் திறக்கவும். இடது பக்கம் அக்கவுண்ட்ஸ் என்பதை கிளிக் செய்து, அதர் யூசர்ஸ் பகுதிக்குச் செல்லவும். ஆட் அக்கவுண்ட் என்பதை கிளிக் செய்யவும். ஒரு விண்டோ தோன்றி மெயில் முகவரி கேட்கும். இந்த நபரின் சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் கீழே ஒரு வரி இருக்கும், அதை கிளிக் செய்யவும். அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் யூசரைச் சேர்க்கும் வரி இருக்கும், அதையும் கிளிக் செய்து பெயர், பாஸ்வேர்ட் கொடுக்கவும். இப்படி உருவாகும் கணக்கு ஸ்டாண்டர்ட் யூசர் கணக்காகவே இருக்கும். இனி தினசரி வேலைக்கு அதையே பயன்படுத்தவும். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் கேட்கும். நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யாதபோது அப்படிக் கேட்டால், கொடுக்காமல் நிறுத்திவிட்டு என்னவென்று பார்க்கவும்.

பாஸ்வேர்டும் உப்பும்

செக்யூரிட்டி பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதனால் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் ஒரு தளத்தில் பாஸ்வேர்ட் கொடுக்கிறீர்கள். அதை அவர்கள் அப்படியே எழுதி வைத்தால் என்ன ஆகும்? 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்தில் திருட்டு நடந்தபோது 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்வேர்ட்கள் வெளியே வந்தன. அனைத்தும் அப்படியே படிக்கும்படி சேமிக்கப்பட்டிருந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்த பாஸ்வேர்ட் எது தெரியுமா? 123456.

ஒழுங்கான தளங்கள் பாஸ்வேர்டைச் சேமிப்பதில்லை. அதன் ஹாஷ் என்பதைத்தான் சேமிக்கும். ஹாஷ் என்பது ஒரு கணக்கு. எதை உள்ளே போட்டாலும் ஒரே நீளமுள்ள ஒரு விடை வரும். அந்த விடையை வைத்து உள்ளே போட்டது எது என்று திருப்பிக் கணக்கிட முடியாது. அரிசியை மாவாக அரைக்கலாம், மாவை அரிசியாக்க முடியுமா?

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். செவன்-ஜிப் என்ற இலவச சாஃப்ட்வேரை அதன் சொந்த தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யவும். நோட்பேடைத் திறந்து உங்கள் பெயரை மட்டும் டைப் செய்து ஒரு பைலாக சேவ் செய்யவும். அந்த பைலின் மீது வலது கிளிக் செய்யவும். விண்டோஸ் 11 என்றால் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதை கிளிக் செய்ய வேண்டியிருக்கும். அங்கே சிஆர்சி எஸ்ஹெச்ஏ என்ற மெனுவில் எஸ்ஹெச்ஏ-256 என்பதைத் தேர்வு செய்யவும். ஒரு டயலாக் பாக்ஸில் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட வரி தோன்றும். அதைக் குறித்துக்கொள்ளவும். இப்போது பைலைத் திறந்து பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி சேவ் செய்து, மீண்டும் அதே போல் செய்யவும். வரி முழுவதுமே மாறியிருக்கும். பழைய எழுத்தைத் திரும்பப் போட்டால் பழைய வரியே வரும். நான் முதன்முதலாக இதைப் பார்த்த அன்று ஹாஸ்டலில் இரவு ஒரு மணி வரை எழுத்தை மாற்றி மாற்றி விளையாடிக்கொண்டிருந்தேன்.

திருப்பிக் கணக்கிட முடியாது என்றால் திருடன் என்ன செய்வான்? ஒவ்வொரு வார்த்தையாக ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பான். சின்ன எழுத்துகள் மட்டும் கொண்ட 6 எழுத்து பாஸ்வேர்ட் என்றால் மொத்தம் சுமார் 31 கோடி வாய்ப்புகள். விநாடிக்கு 100 கோடி முயற்சி என்று வைத்துக்கொண்டால் கண் சிமிட்டும் நேரம். 8 எழுத்து என்றால் சுமார் மூன்றரை நிமிடம். 12 எழுத்து என்றால் சுமார் 954 கோடி கோடி வாய்ப்புகள், மூன்று வருடங்கள் ஆகும். 14 எழுத்து என்றால் இரண்டாயிரம் வருடங்களைத் தாண்டும். இன்றைய நல்ல கிராபிக்ஸ் கார்டுகள் எளிய ஹாஷ்களை இதைவிட வேகமாகவே போடும், ஆனாலும் விகிதம் மாறாது. அதனால்தான் ஒரு @ குறியைச் சேர்ப்பதைவிட, தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைப்பது நல்லது என்கிறார்கள். இந்தக் கணக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தேடுபவனுக்குத்தான். உங்கள் பையன் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைத்தால் 14 எழுத்தானாலும் பயனில்லை.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆயிரம் பேர் 123456 என்று வைத்திருந்தால் ஆயிரம் பேருக்கும் ஒரே ஹாஷ் வரும். ஒன்றைக் கண்டுபிடித்தால் ஆயிரமும் போயிற்று. 2012-ல் லிங்க்டுஇன் தளத்திலிருந்து சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் வெளியானபோது இதுதான் பலவீனம். இதற்கு மருந்து 1979-லேயே பிரசுரமாகியிருந்தது. யுனிக்ஸில் பாஸ்வேர்ட் பாதுகாப்பு பற்றி எழுதிய இருவர், ஒவ்வொருவரின் பாஸ்வேர்டோடும் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்து அதன் பிறகு ஹாஷ் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சால்ட், அதாவது உப்பு. ஒரே பாஸ்வேர்ட் ஆனாலும் உப்பு வேறு என்பதால் ஹாஷும் வேறாகிவிடும்.

எழுதிய இருவரில் ஒருவர் கென் தாம்ப்சன், யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர். மற்றவர் பெயர் ராபர்ட் மோரிஸ். ஆம், 1988-ல் வொர்மை விட்ட மாணவரின் தந்தை. மகனின் வொர்ம் 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு பாஸ்வேர்ட்களை ஊகித்துப் பார்த்தது. அந்தச் சமயத்தில் தந்தை அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. அந்த வீட்டில் அன்று இரவு என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. மகன் 1990-ல் தண்டிக்கப்பட்டார். சிறை இல்லை, மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்காலத்தில் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார்.

நான் செய்த தவறு

2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற புரோகிராம் வெளியானது. பாஸ்வேர்ட் இல்லாத வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழையலாம் என்று காட்டியது. தளங்கள் பாதுகாப்பில்லாமல் இருப்பதை எல்லோருக்கும் உணர்த்தவே எரிக் பட்லர் என்பவர் அதை எழுதினார். நான் அப்போது ஐந்தாம் செமஸ்டர். நெட்வொர்க் லேபில் வயர்ஷார்க் சொல்லித் தந்திருந்தார்கள். நெட்வொர்க்கில் போகும் தகவல்களைப் பிடித்துக் காட்டும் சாஃப்ட்வேர் அது. லேபில் எங்கள் சொந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை ஹாஸ்டல் வைஃபையில் ஓட்டினேன். மெஸ் பில், ஃபீஸ் விவரம் பார்க்கும் பக்கம் பழைய எச்டிடிபி முறையில்தான் இயங்கியது. அந்த நாட்களில் பல இடங்களில் அப்படித்தான். பூட்டுக் குறி இல்லாத அந்த முறையில் பாஸ்வேர்ட் போஸ்ட் கார்டில் எழுதியது போலத்தான் போகும். அரை மணி நேரத்தில் ஒரு ஜூனியரின் பெயரும் பாஸ்வேர்டும் என் திரையில் இருந்தன.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன். அவனுடைய ஃபீஸ் சலுகை விண்ணப்பம் இருந்தது. அப்பாவுக்கு வேலை போனது, உடல்நிலை, வீட்டு வருமானம் எல்லாம் அதில் இருந்தது. முழுவதும் படித்தேன். அதோடு விடாமல் ரூம்மேட்டிடம், "அவனுக்கு ஃபீஸே இல்லையாம், தெரியுமா?" என்று சொன்னேன்.

இரண்டு நாட்களில் மெஸ்ஸில் யாரோ அவனைக் கிண்டல் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவன் மெஸ்ஸுக்கு வரவில்லை. எப்படி வெளியே தெரிந்தது என்று யாருக்கும் தெரியாது. என்னை யாரும் சந்தேகிக்கவும் இல்லை. நான் தான் தூங்காமல் கிடந்தேன்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எதைப் பிடித்தேன், எதைத் திறந்தேன், யாரிடம் சொன்னேன் என்று வரிசையாக எழுதச் சொன்னார். எழுதியதும் வார்டனாக இருந்த ஃபாதரிடம் அழைத்துப் போனார். ஃபாதர் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எங்களிடம் சொல்லிவிட்டாய். அவனிடம் சொன்னாயா?"

அன்று மாலையே அவன் அறைக்குப் போனேன். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். "பாஸ்வேர்டை எடுத்தது பரவாயில்லண்ணா. அதை உக்காந்து படிச்சீங்களே, அது எதுக்கு?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அந்த செமஸ்டர் லேபில் எனக்கு இண்டர்னல் மதிப்பெண் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் விடுமுறைக்குள் பாதுகாப்பான முறைக்கு மாற்றப்பட்டது. நான் பட்டம் வாங்கும்வரை அவன் என்னிடம் அதற்கு மேல் பேசவில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னபோது, "இவ்வளவுதானே, காசு எதுவும் எடுக்கலையே" என்றார். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ அணுகுவதையே தவறு என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை அப்படிப் பயன்படுத்துவதற்கென்றே 66சி என்று தனிப் பிரிவு உண்டு. அது அமலுக்கு வந்தது 2009 அக்டோபர் 27. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. ஃபாதர் கேட்ட கேள்விகூட இன்று சட்டத்தில் இருக்கிறது. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசிந்தால் அதை வைத்திருந்த நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்பதால் என்ன வித்தியாசம்?

முதலில் அக்காவின் இரண்டாவது சந்தேகம். நான் கிறிஸ்தவன் அல்ல. நெற்றியில் விபூதியோடுதான் நான்கு வருடமும் வகுப்புக்குப் போனேன். காலையில் சில நிமிடம் ஜெபம் இருக்கும். எழுந்து அமைதியாக நிற்பேன், அவ்வளவுதான். அரசு அங்கீகாரம் அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிலையத்தில் யாரையும் அவர் சம்மதமில்லாமல், மைனர் என்றால் பெற்றோர் சம்மதமில்லாமல், மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக்கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் ஹாஸ்டல் விதிகள், ஜெப நேரம், கட்டாயப் பாடங்கள் வேறுபடும். சேர்வதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள்.

கணக்கிலும் சி மொழியிலும் மதம் கிடையாது. வித்தியாசம் தெரிந்தது எதிக்ஸ் வகுப்பில்தான். பல இடங்களில் இந்தப் பாடத்தைக் கடைசி வாரத்தில் நோட்ஸ் கொடுத்து முடித்துவிடுவார்கள். எங்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம், செமஸ்டர் முழுக்க. ஒரு நாள் இரண்டு மாணவர்களைப் பற்றி விவாதம். ஒருவர் மேலே சொன்ன மோரிஸ். இன்னொருவர் பிலிப்பைன்ஸின் ஓனெல் டி குஸ்மான். மணிலாவில் கம்ப்யூட்டர் கல்லூரியில் படித்தவர். அடுத்தவர்களின் இண்டர்நெட் பாஸ்வேர்டை எடுக்கும் புரோகிராமையே பிராஜெக்டாகச் செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். காசு இல்லாதவர்களும் இண்டர்நெட் பார்க்கலாமே என்பது அவர் வாதம். கல்லூரி மறுத்துவிட்டது. 2000 மே 4-ஆம் தேதி ஐ லவ் யூ என்ற தலைப்போடு ஒரு மெயில் உலகம் முழுக்கப் பரவி லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருந்த பைல்களை அழித்தது. அதை எழுதியது தான்தான் என்று அவர் ஒப்புக்கொண்ட செய்தி 2020-ல் வெளிவந்தது. அன்று அந்த நாட்டில் அதற்குச் சட்டமே இல்லாததால் வழக்கு கைவிடப்பட்டது. மெயில் பரவிய அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்தார்கள்.

"சட்டம் இல்லாதபோது அது தவறா?" என்பதுதான் அன்றைய கேள்வி. வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. முடிவு எதுவும் வரவில்லை. ஃபாதர் போர்டில் வரைந்திருந்த நெட்வொர்க் படத்தைக் காட்டி, "இதில் மனிதர்கள் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார். சர்வர், ரவுட்டர், கேபிள் எல்லாம் சரியாக வரைந்திருந்தோம். என் கதை நடப்பதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த வகுப்பு இது. அப்போது எனக்கு அது பரீட்சைக்கு வராத கேள்வியாகத்தான் பட்டது. ஆகவே பல்கலைக்கழகம் எதுவானாலும் பையன் தானாகத் திருந்திவிடுவான் என்று நான் சொல்ல மாட்டேன். தவறு செய்தபின் போய்ச் சொல்ல எனக்கு அங்கே இரண்டு பேர் இருந்தார்கள், அதைச் சொல்வேன். சேர்க்கைக்குப் போகும்போது, எதிக்ஸ் பாடம் எத்தனை மணி நேரம், யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். லேபில் பழக மாணவர்களுக்குத் தனி நெட்வொர்க் கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் சரியான பதில் வந்தால் நல்ல இடம்.

பையனுக்குச் சொன்னது

பக்கத்து வீட்டுப் பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "சரிண்ணா, அப்ப நான் எங்கதான் பழகறது?" என்றான். நியாயமான கேள்வி.

சொந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழகலாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால், விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கி அதில் லினக்ஸ் போடலாம். அது கெட்டுப்போனால் அழித்துவிட்டு இன்னொன்று உருவாக்கலாம். இதற்கு ரேம் 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம், 16 ஜிபி இருந்தால் வசதி. அதற்குள் டிவிடபிள்யூஏ என்ற பயிற்சித் தளத்தை ஓட்டலாம். வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்டது அது. அதை இண்டர்நெட்டோடு இணைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் கட்டளைகளே தெரியாதவர்கள் ஓவர்-த-வயர் தளத்தில் உள்ள பேண்டிட் என்ற விளையாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான பாஸ்வேர்டை நாமே கண்டுபிடிக்க வேண்டும். அனுமதி கொடுத்தே வைத்திருக்கிறார்கள், கட்டணமும் இல்லை. கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் பத்துப் படியாவது ஏறிவிடு என்றேன்.

புறப்படும்போது லேப்டாப்பை அவர்கள் வீட்டு வைஃபையோடு இணைக்க பாஸ்வேர்ட் கேட்டேன். அக்கா தன் செல்போன் நம்பரைச் சொன்னார். அதுதான் பாஸ்வேர்ட். பையன் என்னைப் பார்த்தான். மீண்டும் உட்கார்ந்தோம். ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து, மூன்று பேரும் ஆளுக்கொரு சொல் சொல்லி, நான்காவதை அக்காவின் மாமியார் சொல்ல, 26 எழுத்தில் புதிதாக ஒன்று வைத்தோம்.